ஒன்று நாற்பது, மறுபடியும்

அக்டோபரின் கடைசிச் சனி. த்வோரோய்ரித் துறைமுகத்தில்
மீன் ஆலை விளக்குகளும் அணைந்தாயிற்று.
மாடியறையில் மார்யுன் மட்டும் விழித்திருந்து
சின்னதொரு மென்பொருள் பொதியைப்
பொதுக்கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

பெரிய சரக்கொன்றுமில்லை. நாற்பது கிலோபைட்.
ஃபாரோ தீவுகளின் இடுக்குகளில்
கடல் எப்போது கிழக்கே ஓடும்,
எப்போது மனம் மாறி மேற்கே திரும்பும் என்று
கணக்குப் போட்டுச் சொல்லும். அவ்வளவுதான்.
சால்மன் பண்ணைக்குத் தீனி கொண்டுபோகும் ஹோக்னி
படகுத் திரையில் பார்ப்பது அதைத்தான்,
எழுதியவள் இரண்டு தெரு தள்ளி இருப்பது தெரியாமல்.

இன்றிரவு இரண்டு மணிக்குக் கோடை நேரம் முடிகிறது.
முள் ஒரு மணி பின்னால் போகும்.
அந்த மடிப்பில் பழைய பதிப்பு தடுக்கி விழுந்து,
திரும்பிவிட்ட ஓட்டத்தை
இன்னும் திரும்பவில்லை என்று சாதிக்கும்.
பிழையை வியாழனன்றே பிடித்துவிட்டாள்.
திருத்தமும் ஆயிற்று. இருநூற்றுப் பதினான்கு சோதனையும் பச்சை.
ஏற்றுவதுதான் பாக்கி.

ஏற்றினாள்.
403. அனுமதி இல்லை.

என் பொதி, என் பெயர், எனக்கா இல்லை?
டோக்கன் காலாவதி. சரி,
புதிது வாங்க உள்ளே போகவேண்டும்.
உள்ளே போக ஆறு இலக்கம் வேண்டும்,
முப்பது நொடிக்கொரு முறை சட்டை உரிக்கும் ஆறு இலக்கம்.

318 402. தவறு.
977 061. தவறு.
சட்டை உரிந்த கையோடு அடித்தாள். 540 113. தவறு.

கடவுச்சொல்லை மாற்றினாள். பிரௌசரை மாற்றினாள்.
ரௌட்டரைப் பிடுங்கிச் சொருகினாள்.
கடலுக்கடியில் கிடக்கும் கேபிளை
அதன் பிறப்பைச் சொல்லித் திட்டினாள்.
ஆல்போர்கில் தூங்கும் தம்பியை எழுப்பலாமென்று
போனை எடுத்தபோது
போனில் மணி 1:21.
கணினியில் 1:17.

நான்கு நிமிடம்.

வியாழனன்று, அந்தப் பிழையை நேரில் காண,
கணினியின் கடிகாரத்தைக் கையால் பிடித்து
வேறு வேறு ராத்திரிகளுக்கு இழுத்துப் போயிருந்தாள்.
திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது
சமையலறை அடுப்பின் கடிகாரத்தைப் பார்த்து வைத்தாள்.
அது எந்தக் காலத்தில் சரியாக ஓடியது!

இந்தத் தீவில் பல்லியே கிடையாது.
இருந்தும் ஒரு பல்லி,
ஊருக்கெல்லாம் நேரம் குறித்துச் சொன்ன பல்லி,
கழுநீர்ப் பானைக்குள் தொப்பென்று விழுந்த சத்தம்
அவளுக்கே கேட்டது.

நேரம் சரி. இலக்கம் சரி. டோக்கன் கைக்கு வந்தது.
ஏறியது. பதிப்பு 2.4.1.
ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுவோம் என்று
இறக்கிப் பார்த்தால்,
அதே பிழை, புன்னகை மாறாமல்.

திருத்தியது ஒன்று, மூட்டை கட்டியது வேறொன்று.
வியாழன் காலையில் கட்டிய பழைய மூட்டை
கோப்புறை மூலையில் கிடந்து
வண்டியேறிப் போய்விட்டது.

அழித்தாள். சரியானதை ஏற்றினாள்.
400. இந்தப் பெயர் ஒருமுறை பயன்பட்டுவிட்டது,
அழித்தாலும் திரும்பக் கிடைக்காது.

கிடங்கின் நியாயம் அது.
2.4.1 என்றால் உலகத்துக்கு ஒரே ஒரு 2.4.1,
கோணலோ நேரோ.
கொஞ்சநேரம் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள்.
பிறகு கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டினாள்,
பழைய மூட்டைகளைத் துடைத்தெறிந்து புதிதாய்க் கட்டினாள்,
மாற்றக் குறிப்பில் எழுதினாள்:
'2.4.1 வேண்டாம். தவறு என்னுடையது.'

200. ஏறிவிட்டது.
மணி ஒன்று நாற்பது.

ஆறிய காப்பியைக் குடித்தாள்.
ஒன்று ஐம்பத்தொன்பதுக்குப் பின்
போனில் ஒன்று வந்தது, சத்தமில்லாமல்.
துறைமுகத்தில் ஒரு என்ஜின் இருமிக் கிளம்பியது,
ஹோக்னியாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.
ஒன்று பத்து. ஒன்று முப்பது.
ஒன்று நாற்பது, மறுபடியும்.
இந்தத் தடவை அதில் அவளுக்கு வேலை ஒன்றுமில்லை.

சமையலறைக்குப் போய்
அடுப்பின் கடிகாரத்தை
ஐம்பத்தாறு நிமிடம் பின்னால் தள்ளிவைத்தாள்.